கேமரா வேண்டாம், கெட்டில் பரவாயில்லை

வாட்ஸ்அப் குழு: நம்ம வீடு
அம்மா, அண்ணன், அண்ணி, தம்பி, பாப்பா, நான்

சனிக்கிழமை

தம்பி: [படம்: சுவரில் மாட்டும் கேமரா]

தம்பி: அம்மா வீட்டு ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. எல்லோரும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆர்டர் போடவா?

அண்ணன்: நல்ல யோசனை. படுக்கையறைக்கும் சேர்த்துப் போடு.

நான்: அம்மாவும் இதே குழுவில்தான் இருக்கிறார், ஞாபகம் இருக்கட்டும்.

தம்பி: தெரிந்துதான் இங்கே போட்டேன். தனிக் குழு ஆரம்பித்தால் அதற்கும் திட்டுவாய்.

அம்மா: பார்த்தேன். கேமரா வேண்டாம். என் வீட்டில் நான் எப்படி வேண்டுமானாலும் நடப்பேன், எனக்கு நானே பேசிக்கொள்வேன். அதை ஆபீஸில் உட்கார்ந்து யாரும் பார்க்க வேண்டாம்.

தம்பி: நீ விழுந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்? போன தடவை விழுந்ததையே எத்தனையோ நாள் கழித்துத்தானே சொன்னாய்.

அம்மா: விழவில்லை. உட்கார்ந்தேன்.

பாப்பா: 😂

அண்ணி: அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேமரா யாரையும் தாங்கிப் பிடிக்காது. அந்த நேரத்தில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பயன். என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் சிலர் வீட்டுக் கேமரா மேல் துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

அண்ணி: ஆனால் தம்பி பயப்படுவதும் சும்மா இல்லை. விழுந்து இறப்பவர்கள் உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 60 தாண்டியவர்கள்தான் அதிகம். அடி பெரிதாகப் படாவிட்டாலும் எழுந்திருக்க முடியாமல் தரையிலேயே கிடப்பது இன்னும் மோசம்.

அண்ணன்: அப்போ கழுத்தில் மாட்டும் அவசர பட்டன் வாங்கிவிடலாமே?

அண்ணி: வாங்கலாம். அதிலும் ஒரு சிக்கல். கேம்பிரிட்ஜில் 90 வயது தாண்டியவர்களைக் கவனித்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. விழுந்தவர்களில் 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். அவசர மணி பலரிடமும் இருந்தது. அப்படிக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை.

அம்மா: ஏன்?

அண்ணி: சிலர் கழற்றி வைத்திருப்பார்கள். சிலருக்கு யாரையும் தொந்தரவு செய்ய மனம் வராது, தாங்களே எழுந்துவிடலாம் என்று பார்ப்பார்கள்.

அம்மா: இரண்டாவது ஆள் நான்.

தம்பி: அப்படியானால் பட்டனே அழுத்தத் தேவையில்லாததாக வாங்குவோம். ஆப்பிள் வாட்சில் 2018-ல் வந்த சீரிஸ் 4 முதல் விழுவதைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. பலமாக விழுந்து ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தால் அதுவே அவசர எண்ணுக்குப் போன் போடும்.

நான்: அதைத் தினமும் சார்ஜ் போட வேண்டும். அம்மா ராத்திரி கழற்றிச் சார்ஜில் வைப்பார், நடுராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது கை வெறுங்கை. எப்போது வேண்டுமோ அப்போது இருக்காது.

அண்ணி: நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்தால் கண்டுபிடிக்காமலும் போகலாம்.

தம்பி: எதைச் சொன்னாலும் ஒரு குறை. சரி, நீங்களே சொல்லுங்கள்.

பாப்பா: சித்தப்பா, ஜப்பானில் ஒரு கெட்டில் இருக்கிறது, தெரியுமா?

தம்பி: கெட்டிலா?

பாப்பா: ஜோஜிருஷி என்று ஒரு கம்பெனி. வெந்நீர்க் கெட்டிலில் இணைய வசதி வைத்து 2001-லேயே கொண்டுவந்தார்கள். வயதானவர் வீட்டில் வெந்நீர் எடுத்தால் பிள்ளைகளுக்கு ஈமெயில் போகும். அவ்வளவுதான். படம் கிடையாது, குரல் கிடையாது. கெட்டில் ஓடினால் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

அம்மா: இது புத்திசாலித்தனம்.

நான்: எனக்கும் பிடித்திருக்கிறது. அம்மா புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம், எதையும் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். காலையில் எழுந்து வெந்நீர் போடுவது எப்படியும் நடக்கிற காரியம்.

அண்ணன்: ஜப்பான் கெட்டிலை எங்கே போய் வாங்குவது?

பாப்பா: வாங்க வேண்டாம் அப்பா. மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் ஸ்மார்ட் பிளக் போதும். பாட்டியின் கெட்டிலை அதில் சொருகினால், அது ஓடியதும் நமக்குத் தகவல் வரும்.

அண்ணன்: கெட்டில் நிறைய கரண்ட் இழுக்கும். பிளக் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் சூடாகி உருகும். ஃபிரிட்ஜை மட்டும் அதில் மாட்டாதே, யாராவது போனில் தெரியாமல் அணைத்து வைப்பார்கள்.

நான்: வைஃபையோ கரண்டோ போய்விட்டால் தகவல் வராது. வராத அன்றைக்கெல்லாம் பதறக் கூடாது.

அம்மா: அதைத்தான் கேட்க வந்தேன். ஒருநாள் நான் கூடுதலாகத் தூங்கினால் என்ன செய்வீர்கள்? ஆம்புலன்ஸ் அனுப்புவீர்களா?

அண்ணி: முதலில் உங்களுக்குத்தான் போன், அத்தை. நீங்கள் எடுக்காவிட்டால்தான் பக்கத்து வீட்டில் கதவைத் தட்டச் சொல்வோம்.

அம்மா: உங்களுக்கு வரும் தகவல் எனக்கும் வர வேண்டும். என்னைப் பற்றி என்ன போகிறது என்று நானும் பார்க்க வேண்டும்.

நான்: நியாயம். பாப்பா, பாட்டி போனிலும் அந்த ஆப்பைப் போட்டுவிடு.

அம்மா: அந்தப் போனைப் பற்றியே ஒரு புகார் இருக்கிறது. என் விரலை அது மதிப்பதே இல்லை. மூன்று தடவை தொட்டால் ஒரு தடவை கேட்கிறது. இல்லையென்றால் படமெல்லாம் இடம் மாறிப்போகிறது. உங்கள் அண்ணனுக்கு மட்டும் ஒரே தொடலில் கேட்கிறது.

அண்ணன்: மெதுவாகத் தொட வேண்டும் அம்மா, அழுத்தக் கூடாது என்று எத்தனை தடவை சொன்னேன்.

அண்ணி: அத்தையைக் குறை சொல்லாதீர்கள். திரை மேல் ஒரு நுண்ணிய மின்புலம் இருக்கிறது. விரல் மின்சாரத்தைக் கடத்துவதால் தொட்டதும் அதில் வரும் சிறு மாற்றத்தை வைத்துத்தான் திரை தொடுதலை உணர்கிறது. வயதானால் விரல் நுனி உலர்ந்துவிடும், அதனால் சில சமயம் தொட்டதே தெரியாது. கேட்கவில்லையே என்று நீளமாக அழுத்துவார்கள், போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

பாப்பா: செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. எவ்வளவு நேரம் தொட்டால் 'நீளமான அழுத்தம்' என்று அங்கே மாற்றலாம். எழுத்தையும் பெரிதாக்கலாம். முகப்பில் பாட்டிக்கு வேண்டிய நாலைந்தை மட்டும் வைத்து, இடம் மாறாதபடி பூட்டிவிடுகிறேன்.

அம்மா: இத்தனை நாள் என் விரல்தான் கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன்.

நான்: இன்னொன்று. சொல்லிக்கொடுக்கும்போது யாரும் அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கக் கூடாது. அண்ணா, உன்னைத்தான் சொல்கிறேன். சட்டென்று வாங்கி, டக்டக்கென்று நாலு தட்டுத் தட்டி, 'இவ்வளவுதான்' என்று திருப்பிக் கொடுக்கிறாய். உன் விரல் கற்றுக்கொண்டது, அம்மா விரல் கற்றுக்கொள்ளவில்லை.

அண்ணன்: 🙏

பாப்பா: நேரில் வர முடியாவிட்டால் வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே பாட்டி திரையைப் பகிரலாம். நாம் வாயால் சொல்ல வேண்டும், பாட்டி தொட வேண்டும்.

அண்ணி: ஆனால் அத்தை, திரையைப் பகிர்வது நம் ஆறு பேரோடு மட்டும். வங்கியிலிருந்து பேசுகிறேன், திரையைக் காட்டு, ஒரு ஆப் போடு, ஓடிபி சொல் என்று யார் கேட்டாலும் வைத்துவிடுங்கள்.

அம்மா: என் பையன் குரலிலேயே பணம் கேட்டால்?

தம்பி: இப்போது குரலையும் போலியாகச் செய்கிறார்கள். நமக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்வோம். இங்கே எழுத வேண்டாம், நேரில் வரும்போது அம்மாவே முடிவு செய்யட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

அம்மா: ராத்திரி யோசித்தேன். எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். ஒன்று, படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இருட்டாக இருக்கிறது. சுவிட்சைத் தேடித் தடவுவதில்தான் அன்றைக்கு உட்கார்ந்தேன்.

தம்பி: அப்போ விழுந்தாய்.

அம்மா: உட்கார்ந்தேன்.

அண்ணி: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், நாம் பாட்டுக்குக் கேமராவில் ஆரம்பித்துவிட்டோம். 20 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணுக்குள் போகிறது. ஆள் அசைந்தால் தானே எரியும் விளக்கை வழி நெடுகத் தாழ்வாக ஒட்டிவிடலாம். இதற்கு வைஃபையும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம்.

அம்மா: இரண்டு, அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகம். கடைக்குப் போகிற வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறேன்.

அண்ணன்: நேரம் வைத்தால் தானே அணைக்கும் கருவி இருக்கிறது. அது என் பொறுப்பு. புகை அலாரமும் மாற்ற வேண்டும்.

அண்ணி: மாற்றுவதானால் கீச்சென்று இல்லாமல் கனத்த குரலில் ஒலிப்பதாகப் பாருங்கள். சாதாரண அலாரம் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கீச்சிடும், வயதானால் முதலில் மங்குவது அந்தக் கீச்சொலிதான். 520 ஹெர்ட்ஸ் அலாரம் தூங்குகிறவர்களை நன்றாக எழுப்பும்.

அம்மா: மூன்று, அந்தப் பட்டன். கழுத்தில் வேண்டாம், மணிக்கட்டில் கட்டுவதாக வாங்குங்கள். குளிக்கும்போதும் கழற்ற வேண்டாததாக இருக்க வேண்டும், தினமும் சார்ஜ் கேட்கக் கூடாது.

தம்பி: கிடைக்கும். நான் பார்க்கிறேன்.

அம்மா: வந்ததும் சொல்லாமல் ஒருநாள் அழுத்திப் பார்ப்பேன். யார் முதலில் எடுக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

தம்பி: புதன்கிழமை மட்டும் வேண்டாம் அம்மா, எனக்கு நாள் முழுக்க மீட்டிங்.

அம்மா: விழுகிறவள் உன் மீட்டிங்கைக் கேட்டுக்கொண்டா விழுவாள்?

அண்ணி: அப்படியானால் அழைப்பு போகும் வரிசையில் முதல் பெயர் நம்மில் யாருமே இருக்க வேண்டாம். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முதலில்.

அம்மா: மாடி வீட்டம்மாவிடம் ஒரு சாவி இருக்கிறது. சம்மதமா என்று நானே கேட்டுச் சொல்கிறேன். நீங்கள் யாரும் போன் போட்டு அவளைப் பயமுறுத்த வேண்டாம்.

நான்: சரி அம்மா. அவருக்கு அடுத்து என் எண்ணைப் போடுங்கள்.