டிரை ஜாயிண்ட்: ‘உலர் இணைப்பு’ வேண்டாமே

செந்தூல், கோலாலம்பூர்:

வணக்கம். கீபோன் (அலுவலக உள்தொலைபேசி சிஸ்டம்) பழுதுபார்க்கும் கையேட்டின் வரைவில் டிரை ஜாயிண்டுக்கு ‘உலர் இணைப்பு’ என்று போட்டிருக்கிறது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு எது காய்ந்துபோனது என்று தேடுவார்கள். ஈயம் (சோல்டர்) உருகியும் பாகத்தின் காலிலோ போர்டின் செம்புத் தடத்திலோ ஒட்டாமல் சும்மா மேலே உட்கார்ந்திருப்பதுதான் இந்தப் பழுது. பார்த்தால் பற்றியதுபோல் இருக்கும். ‘பொய்ப்பற்று’ என்று வைக்கலாம். பற்றவைப்பு, பற்றாசு என்ற சொற்களோடும் ஒத்துப்போகிறது.

பட்டர்வொர்த், பினாங்கு:

பொய்ப்பற்று நல்ல சொல் அண்ணே. ஆனால் பழைய கீபோன் போர்டில் அதிகம் மாட்டுவது அது இல்லை. பவர் சப்ளையின் டிரான்ஸ்பார்மர் கால், எக்ஸ்டென்ஷன் கார்டின் (உள்போன்களை இணைக்கும் கார்டு) ரிலே, கனெக்டர் எல்லாம் ஆலையில் ஒழுங்காகப் பற்றியவைதான். வருடக்கணக்கில் சூடேறி ஆறி, காலைச் சுற்றி மெல்லிய கருவளையமாக வெடிப்பு விழுகிறது. பற்றி, பிறகு விட்டதைப் பொய் என்று எப்படிச் சொல்வது? அதற்கு ‘வளைய வெடிப்பு’ என்று தனியாகப் போடுங்கள்.

கையேட்டில் ‘மங்கலாக இருந்தால் பழுது’ என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். காரீயம் சேராத ஈயம் நன்றாகப் பற்றினாலும் மங்கலாகத்தான் இருக்கும். லென்ஸ் வைத்து ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: தடத்தின்மேல் சரிந்து படிந்திருந்தால் நல்லது, உருண்டு நின்றால் சந்தேகம்.

செந்தூல்:

சரி, இரண்டு சொல்லாகவே வைப்போம். சோதனை வரிசையும் திருத்த வேண்டும். குரல் விட்டுவிட்டு வந்தால் எடுத்ததும் போர்டைக் கழற்றக்கூடாது. அனலாக் எக்ஸ்டென்ஷன் என்றால், எம்டிஎஃப்பில் (போன்களுக்குப் போகும் கம்பிகள் வந்து சேரும் பலகை) வெளிக்கம்பியைப் பிரித்து அங்கேயே சாதாரண போன் ஒன்றை மாட்டவும். பழுது போய்விட்டால் கம்பியில்தான் கோளாறு. போகவில்லையா, மின்சாரத்தை நிறுத்தி, கார்டை அதே வகைக் கார்டு இன்னொன்றோடு ஸ்லாட் மாற்றிச் செருகவும். பழுது கார்டோடு நகர்ந்தால் கார்டு; பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் பின்பலகை (ஸ்லாட்டுகள் இருக்கும் பலகை). ஸ்லாட் மாறினால் பல சிஸ்டங்களில் எக்ஸ்டென்ஷன் எண்ணும் மாறும், குழம்ப வேண்டாம்.

கார்டுதான் என்று உறுதியானால், ஓடும்போதே பிளாஸ்டிக் குச்சியால் மெல்லத் தட்டினால் இடம் தெரிந்துவிடும். பவர் சப்ளையில் மட்டும் இந்த வேலை ஆகாது. 230 வோல்ட்டை நேர்மின்னாக்கியபின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் இறங்காது.

பட்டர்வொர்த்:

பொய்ப்பற்று, வளைய வெடிப்பு இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்து, ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, 350 டிகிரி முனையில் இரண்டு மூன்று விநாடிக்குள் புதிதாக வைக்க வேண்டும். பழசின்மேலேயே பூசினால் அதே வெடிப்பு திரும்ப வரும். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரியில் உருகும். காரீயம் சேராதது 217-க்கு மேல்தான். இரண்டையும் கலக்கக்கூடாது.

ஜார்ஜ்டவுன், பினாங்கு:

இங்கே கடைகளில் கார்டு விளிம்பில் அழுக்குப் படிந்து தொடர்பு விட்டால் அதையும் டிரை ஜாயிண்ட் என்றே சொல்கிறார்கள். உங்கள் இரண்டு சொல்லிலும் அது சேராது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தாலே போகும், ஈயத்தைத் தொடவே வேண்டியதில்லை. ‘தொடுமுனைக் கறை’ என்று மூன்றாவதாகச் சேர்த்து, சோதனை வரிசையில் கார்டை மாற்றிச் செருகும் படிக்கு முன்னால் வையுங்கள். கழற்றிச் செருகும்போது அழுக்கு உரசிப் போய், பழுது தானாகவே மறைந்துவிடும். அப்புறம் காரணம் தெரியாது.