எம்டனுக்கு எது துறைமுகம்? ஒரு கலைச்சொல் தேவை

வேலூரிலிருந்து, பள்ளி ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை எங்கள் பள்ளியில் நடக்கும் வரலாற்றுக் கண்காட்சிக்காகப் பழைய போர்க்கப்பல்களைப் பற்றிப் பலகைகள் எழுதிவருகிறேன். பிளெக்ஸ் அச்சிடுபவர் வெள்ளி மாலைக்குள் வாசகம் கேட்கிறார். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். எங்கே சுற்றினாலும் கப்பல் திரும்பி வந்து, நிலக்கரி ஏற்றி, பழுது பார்த்துக்கொள்ளும் துறைமுகத்தை, அதாவது ஹோம் போர்ட்டை, தமிழில் எப்படிச் சொல்வது? ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனையே எடுத்துக்கொள்வோம். பெயர் தந்தது ஜெர்மனியின் எம்டன் நகரம். கட்டி 1908இல் நீரில் இறக்கியது டான்சிக்கில். ஆனால் 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னையில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது, அதற்குரிய துறைமுகமாக இருந்தது சீனக் கரையிலுள்ள சிங்தாவ்.

‘சொந்தத் துறைமுகம்’ என்று எழுதி ஒன்பதாம் வகுப்பில் படித்துக்காட்டினேன். “சொந்த ஊர் என்றால் பிறந்த ஊர்தானே, டீச்சர்? அப்படியானால் டான்சிக்தான்” என்று ஒரு மாணவி சொன்னாள். விளக்கியதும், “ஓ, பஸ்ஸுக்கு டிப்போ மாதிரியா?” என்றாள். பொருள் நொடியில் பிடிபட்டுவிட்டது, சொல்தான் கிடைக்கவில்லை.

ஆர்க்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மையீர், வீட்டைக் குறிக்கும் இல் என்ற இரண்டெழுத்துச் சொல் நம்மிடம் இருக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆவது போல, இல்லும் துறையும் சேர்ந்து ‘இற்றுறை’ ஆகும். பட்டினப்பாலையில் வரும் ‘முன்றுறை’யோடு ஓசையும் ஒத்துப்போகிறது. அந்த இடத்தையே எடுத்துப் பாருங்கள். புகாரின் துறையில் அசைந்தாடும் நாவாய்களுக்கு, கட்டுத்தறியை அசைக்கும் களிற்றை உவமை சொல்கிறார் புலவர். பாட்டில் வரும் வெளில் என்பது யானை கட்டும் தறி. கப்பலுக்கும் அது கட்டுண்ட துறைக்கும் உள்ள உறவை இதைவிட நெருக்கமாகச் சொன்ன வரி எனக்குத் தெரியவில்லை.

காட்பாடியிலிருந்து, முன்னாள் கடற்படை வீரர்:

ஐயா, பாட்டு மனத்தை நிறைக்கிறது. ஆனால் இற்றுறை என்று படித்ததும் எனக்கு இற்றுப்போன கயிறுதான் நினைவுக்கு வருகிறது. ‘மீளுந்துறை’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. கடலில் இருப்பவனுக்கு அந்த ஊர் என்பது திரும்புதல்தான். எம்டன் கதையின் துயரமும் அதில் இருக்கிறது. 1914 நவம்பர் 7 அன்று சிங்தாவ் ஜப்பானியரிடம் வீழ்ந்தது; 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் போர்க்கப்பல் சிட்னி எம்டனை அழித்தது. மீள வேண்டிய துறை, கப்பலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டது.

குடியாத்தத்திலிருந்து, கல்லூரி விரிவுரையாளர்:

வெளிலிலிருந்தே ‘கட்டுத்துறை’ என்று ஆக்கலாமா என நானும் யோசித்தேன்; கப்பல் கட்டும் துறை என்று படித்துவிடுவார்கள் என்பதால் விட்டேன். தாய்நாடு, தாய்மொழி போலத் ‘தாய்த்துறை’ என்று எளிமையாக வைக்கலாம்.

வேலூரிலிருந்து, அரசு அலுவலர்:

தாய்த்துறை வேண்டாம். அயற்பணி முடிந்தவர் தாய்த்துறைக்குத் திரும்பினார் என்று எங்கள் கோப்புகளில் நாள்தோறும் எழுதுகிறோம். கூடவே ‘முகம்’ சேர்த்துத் ‘தாய்த்துறைமுகம்’ என்றால் குழப்பம் இல்லை.

வேலூரிலிருந்து, பள்ளி ஆசிரியை:

மீளுந்துறை என் மனத்தைத் தொட்டது. ஆனால் ஆறாம் பலகையில் அது பொருந்தவில்லை. நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய டிரின்கோமலி, பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய கப்பல். இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அருங்காட்சியகமாக மிதக்கிறது. இனி அது எங்கும் புறப்படப் போவதில்லை. புறப்படாததற்கு மீள்வது ஏது? ஆனாலும் ஹார்ட்டில்பூல்தான் இன்று அதன் ஊர்.

ஆர்க்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இற்றுறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் தாய் என்பவள் பெற்றவள். எம்டனைப் பெற்றது டான்சிக். ‘சொந்த’ என்ற சொல்லில் அந்த மாணவி கண்ட பிழை ‘தாய்’ என்ற சொல்லிலும் அப்படியே இருக்கிறது.

குடியாத்தத்திலிருந்து, கல்லூரி விரிவுரையாளர்:

ஐயா, விலகிப் போனவர் தாய்க்கழகத்துக்குத் திரும்பினார் என்று செய்தித்தாளில் படிக்கும்போது, அவர் அங்கே பிறந்தார் என்று யாரும் பொருள்கொள்வதில்லையே. திரும்புகிற இடத்துக்கும் தாய் என்ற சொல் வழக்கில் வந்துவிட்டது.

வேலூரிலிருந்து, பள்ளி ஆசிரியை:

நேரமாகிவிட்டதால் ‘தாய்த்துறைமுகம்’ என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.  எம்டன் பலகையில் மட்டும் பெயர் தந்த ஊர், கட்டிய ஊர், தாய்த்துறைமுகம் என்று மூன்றையும் தனித்தனி வரியாகப் பிரித்திருக்கிறேன். திங்களன்று அந்த மாணவியையே அப்பலகையின் அருகே நிற்கவைத்து விளக்கச் சொல்கிறேன்.

ஆர்க்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கண்காட்சிக்கு அவசியம் வருகிறேன், அம்மா. ஆனால் பெற்ற ஊருக்கு என்ன சொல் வைப்பீர்கள் என்ற என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.