இரண்டு பாட்டுக்கு நடுவில் 4 விநாடி விடணுமா, கூடாதா?

பென்னாகரத்தான்:
நேற்று ஒருவர் இங்கே உபதேசம் செய்திருக்கிறார். ராகம் ஒன்றாக இருந்தால் போதுமாம், பஸ்ஸுக்கோ கல்யாணத்துக்கோ பாட்டுத் தொகுப்பு போடும்போது இடைவெளியே இல்லாமல் பாட்டுகளை ஒட்டிவிடலாமாம். உதாரணத்துக்கு 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', உடனே 'கண்கள் இரண்டால்'. இரண்டும் ரீதிகௌளைதான், யார் இல்லை என்றது? ஒன்று 1977, மற்றது 2008. பழைய பாட்டுக்காகக் கூட்டி வைத்த வால்யூமில் புதியது வந்து விழுந்தால் ஸ்பீக்கர் அலறும். ராகம் ஒன்று, சுருதி வேறு என்றால் காது இன்னும் சுளிக்கும். நடுவில் 4 விநாடி விட வேண்டும். கேசட் காலத்திலிருந்து அதுதான் முறை.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
அந்த 'ஒருவர்' நான்தான் அண்ணே, பேரைச் சொல்லியே திட்டலாம். 4 விநாடி சத்தமே இல்லை என்றால் பஸ்ஸில் உள்ளவர்கள் செட் நின்றுபோச்சா என்று டிரைவரைப் பார்ப்பார்கள். வால்யூமைச் சமன் செய்ய செல்போனிலேயே வழி இருக்கிறது.

தென்பெண்ணைக்கரை:
4 விநாடி காதுக்காக வந்ததே இல்லை சார். அடுத்த பாட்டைத் தானாகத் தேடிப் பிடிக்கும் பட்டன் சில கேசட் டெக்குகளில் இருந்தது. சத்தமில்லாத இடத்தை வைத்துத்தான் அது பாட்டு முடிந்ததைக் கண்டுபிடிக்கும். அதற்காக விட்ட காலி இடம் அது. மிஷினுக்குச் செய்த ஏற்பாட்டைச் சாஸ்திரமாக்காதீர்கள்.

பென்னாகரத்தான்:
மிஷினுக்கே மூச்சு விட நேரம் வேண்டும் என்றால் மனுஷனுக்கு வேண்டாமா? கேசட் பதியத் தெரிந்தவர்கள் மட்டும் பேசுங்கள். 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு என்றால் 27. இடைவெளிக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. தொடக்கத்தில் இருக்கும் வெற்று நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றித் தள்ளிவிடுவேன், இல்லையென்றால் பல்லவியின் முதல் வார்த்தையை அது விழுங்கிவிடும். பாட்டு முடிந்ததும் நாடாவைச் சும்மா ஓடவிட்டு, மனசுக்குள் நாலு எண்ணி, நாடாவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும் 'பாஸ்' பட்டனை அழுத்துவேன். ஸ்டாப் அழுத்துகிறவன் கேசட்டில் பாட்டுக்குப் பாட்டு 'டொக்' என்று விழும். என் கேசட்டில் விழுந்ததே இல்லை.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
விழுந்ததே இல்லையா? எங்கள் அக்கா கல்யாணத்துக்கு நீங்கள் போட்டுக் கொடுத்த கேசட்டில் தாலி கட்டும் நேரத்தில் விழுந்த 'டொக்' மண்டபத்துக்கே கேட்டது.

பென்னாகரத்தான்:
அது மைக் செட்காரர் வேலை. அன்றைக்கே சொல்லிவிட்டேன். பந்தியில் பாயாசம் கிடைக்காத கோபத்தை என் கேசட் மேல் காட்டாதே தம்பி.

தொப்பூர்_இறக்கம்:
நான் சேலம் ரூட்டில் பஸ் ஓட்டுகிறவன். நீங்கள் 01, 02 என்று எண் போட்டுப் பென் டிரைவில் ஏற்றித் தருவீர்கள். நிறைய பஸ் செட்டு அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை, காப்பி ஆன வரிசையில்தான் பாடும். ரீதிகௌளைக்குப் பின்னால் குத்துப்பாட்டு வந்து நிற்கும். இன்னொன்று, தொப்பூர் கணவாய் இறங்கும்போது வேகமான தாளம் போட்டால் காலும் ஆக்ஸிலேட்டரில் அழுந்தும். அங்கே மெதுவான பாட்டுதான் பொருந்தும். ராகமாவது விநாடியாவது.

பென்னாகரத்தான்:
நல்லது சார். அந்த மெதுவான பாட்டுக்கு முன்னால் 4 விநாடி விடுவீர்களா, மாட்டீர்களா?

தொப்பூர்_இறக்கம்:
நான் ரோட்டைப் பார்ப்பேன்.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
தர்மபுரிக்காரர்களுக்கு எதையும் நிறுத்தி நிறுத்தித்தான் கேட்க வரும்.

பென்னாகரத்தான்:
2004-ல் எங்கள் மாவட்டத்திலிருந்து உங்கள் கிருஷ்ணகிரியைப் பிரித்தது நல்லதாகப் போச்சு. மாம்பழக்கூழ் மாதிரி எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து டின்னில் அடைக்கிற ஊர், பாட்டையும் அப்படித்தான் செய்யும். 4 விநாடி.

தென்பெண்ணைக்கரை:
ஐயா, பாட்டுக்கு வாங்க. ரீதிகௌளையில் ஆரம்பித்தால் அடுத்து என்ன போடலாம்? 'அழகான ராட்சசியே' கூட அந்த ராகம்தானே. அது ஒட்டுமா?

பென்னாகரத்தான்:
4 விநாடி விட்டால் ஒட்டும்.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
விடாமல் ஒட்டிக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரவுண்டானாவுக்கு வாங்க, ஸ்பீக்கரோடு நிற்கிறேன்.

பென்னாகரத்தான்:
நான் எதுக்கு அங்கே வரணும்? கற்றுக்கொள்ள வேண்டியவன் நீ. தர்மபுரி நாலு ரோட்டுக்கு நீ வா.