சனிக்கிழமை வேதபாடம்: பிலேமோன்

வியாழன்

ரூத் அத்தை 7:12
எல்லாருக்கும் தோத்திரம். இந்த வாரம் பிலேமோன். ஒநேசிமுங்கிற அடிமையைத் திரும்ப ஏத்துக்கச் சொல்லி அவன் எஜமான் பிலேமோனுக்குப் பவுல் எழுதின கடிதம். ஒரே அதிகாரம், 25 வசனம். வீட்லயே ரெண்டு தடவை வாசிச்சிட்டு வாங்க. யாக்கோபு அப்புறம் பார்க்கலாம்.

ஜெரின் 7:15
யாக்கோபு 3 வரணுமே அத்தை. நாவு.

ரூத் அத்தை 7:16
வரும். முதல்ல இது.

மலர் சித்தி 7:20
ஆமென்

ஜெனி 7:21
யார் வீட்ல?

ஜெனி 7:44
யார் வீட்லன்னு கேட்டேன்

கிரேஸ் பெரியம்மா 7:52
(படம்) "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்." சங்கீதம் 37:21. இனிய காலை வணக்கம்.

ஜெரின் 7:53
போச்சு

மலர் சித்தி 7:55
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

டேவிட் சித்தப்பா 8:20
மத்தேயு 18:23 முதல் 35 வரை. தன் பெரிய கடனை ராஜா மன்னித்தும், தன்னிடம் சின்னக் கடன் பட்டவனை மன்னிக்காத ஊழியக்காரன் உவமை. எல்லாரும் வாசிக்கவும்.

சாமு பெரியப்பா 8:24
ரோமர் 13:8, ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள். இதையும் எல்லாரும் வாசிக்கவும்.

எட்வின் மாமா 8:31
ஸ்பீக்கர் வயர் யார்கிட்ட இருக்கு? போன வாரம் வீடியோ கால்ல வந்தவங்களுக்கு ஒண்ணுமே கேட்கலையாம்.

ஜெனி 8:33
எங்ககிட்ட இல்ல மாமா

ரூத் அத்தை 8:50
கிரேஸ் அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் படத்துல பாதி வசனம்தான் இருக்கு. மீதி: "நீதிமானோ இரங்கிக்கொடுக்கிறான்." ஒரே வரியில ரெண்டு பேர் நிக்கிறாங்க. வாங்கினவன் முதல் பாதியை வாசிக்கணும், கொடுத்தவன் ரெண்டாம் பாதியை வாசிக்கணும். நாம மாத்தி மாத்தி வாசிச்சு ஒருத்தர் மேல ஒருத்தர் எறியறோம்.

டேவிட் சித்தப்பா 8:52
நன்றி அக்கா

ரூத் அத்தை 9:04
நீ நன்றி சொல்லாதே. உனக்கும் இருக்கு. மத்தேயு 18-ல ராஜா மன்னிச்சது மட்டும்தான் உன் கண்ணுல படுது. கடன்பட்டவங்க என்ன செஞ்சாங்கன்னு பாரு. பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனும் கெஞ்சினான், நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனும் கெஞ்சினான். 26, 29 ரெண்டு வசனத்துலயும் ஒரே பேச்சு: பொறுமையாயிரும், கொடுத்துத் தீர்க்கிறேன். ரெண்டு பேர்ல ஒருத்தன்கூட மூஞ்சியைக் காட்டாம ஒதுங்கிப் போகல.

ரூத் அத்தை 9:11
இன்னொண்ணு. அந்த நூறு வெள்ளிப்பணத்தைச் சில்லறைக் காசு மாதிரி பேசறோம். தாலந்தோட வச்சுப் பார்த்தா சின்னதுதான். ஆனா மத்தேயு 20-ல திராட்சத்தோட்டத்துக்கு ஆள் கூப்பிடறார் பாரு, ஒரு நாள் முழுக்க வெயில்ல நின்னவனுக்கு ஒரு பணம் கூலி. அதே நாணயம்தான். அப்படின்னா நூறு நாள் உழைப்பு. கொடுத்துட்டு நிக்கிறவனுக்கு அது வலிக்கும். ஆண்டவர் அந்த வலியைப் பொய்யின்னு சொல்லல. அதைவிடப் பெரிசா உனக்கு விட்டுக்கொடுத்திருக்கேன்னு சொல்றார்.

சாமு பெரியப்பா 9:30
எனக்கு வலிக்கும்னு இந்தக் குடும்பத்துல ஒருத்தியாவது சொன்னாளே.

எட்வின் மாமா 9:31
ஆமென் மச்சான்

சாமு பெரியப்பா 9:38
ஆனா வீட்டு விஷயத்தை வேதபாடத்துல இழுக்க வேண்டாம். மத்தேயு 18:15. நீயும் அவனும் தனித்திருக்கையில்.

ஜெனி 9:40
நீங்க தனியா பேசினீங்களா பெரியப்பா?

கிரேஸ் பெரியம்மா 9:41
ஜெனி. பெரியவங்ககிட்ட கேட்கிற கேள்வியா இது?

அம்மா 9:41
ஜெனி போனை வை

ஜெனி 9:43
சாரி பெரியம்மா. ஆனா பிலேமோன் 2-ம் வசனம் பாருங்க. பவுல் அவருக்கு மட்டும் எழுதல. அவர் வீட்டுல கூடிவர்ற சபைக்கும் சேர்த்துதான் எழுதறார். அப்ப எல்லார் முன்னாடியும்தானே வாசிச்சிருப்பாங்க?

ஜெரின் 9:44
பாயிண்ட்

ரூத் அத்தை 10:15
ஜெனி சொன்னது சரி. அண்ணன் சொன்னதும் சரி. பவுல் எல்லாரும் கேட்க எழுதறார், ஆனா ஆளை மடக்கல. கட்டளையிட எனக்குத் துணிவு உண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் மன்றாடறேன்னு 8, 9-ல சொல்றார். 14-ல, கட்டாயத்தினால இல்லாம மனப்பூர்வமா நீர் செய்யணும்னு ஒரு படி பின்னாடி போய் நிக்கிறார். அதனால சனிக்கிழமை யாரும் யாரையும் பேர் சொல்லிப் பேசக்கூடாது. இது என் கண்டிப்பு.

அண்ணே, 18:15 நீங்களே எடுத்தீங்க. அது யாருக்கு எழுதியிருக்கு? குற்றம் யாருக்கு நடந்ததோ அவனுக்கு. "அவனிடத்தில் போய்"னு இருக்கு. டேவிட், உனக்கு மத்தேயு 5:23, 24. உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டுன்னு நினைவு வந்தா காணிக்கையைக்கூட பலிபீடத்துக்கு முன்னாடி வச்சிட்டு முதல்ல அவன்கிட்ட போ. அவருக்கும் போன்னுதான் இருக்கு, உனக்கும் போன்னுதான் இருக்கு. அவங்கவங்க வசனத்துக்கு அவங்கவங்க கீழ்ப்படிஞ்சிருந்தா ரெண்டு பேரும் பாதி வழியில எதிர்ப்பட்டிருப்பீங்க.

எட்வின் மாமா 10:17
இவ்வளவும் இங்கேயே சொல்லிட்டா சனிக்கிழமைக்கு என்ன மிச்சம்?

ஜெரின் 10:18
மாமா வீட்ல தினமும் வேதபாடம்தான் போல

எட்வின் மாமா 10:25
சரி, எனக்கு ஒரு சந்தேகம். பிலேமோன் 18-ல, ஒநேசிமு கடன்பட்டிருந்தா "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்"னு பவுல் பொறுப்பு ஏத்துக்கறார். நீதிமொழிகள் 6-ல அடுத்தவனுக்காகப் பிணைப்படாதே, மாட்டிக்கிட்டா வேடன் கையில இருந்து தப்பற மான் மாதிரி தப்பிச்சு ஓடுன்னு இருக்கு. எதை எடுத்துக்கிறது? அனுபவப்பட்டவன் கேட்கிறேன்.

சாமு பெரியப்பா 10:26
நல்ல கேள்வி

டேவிட் சித்தப்பா 10:40
மாமா, அதை நான் மறக்கல.

ரூத் அத்தை 10:52
நீதிமொழிகள்ல இருக்கிறவன் வாயால சொல்லிச் சிக்கிக்கிறான். நாளைக்குக் கேட்டா கையில இருக்காதுன்னு தெரியாமலே வாக்கு கொடுக்கிறான். பவுல் என் சொந்தக் கையால எழுதறேன், நானே செலுத்தித் தீர்ப்பேன்னு 19-ல சொல்றார். போனா என்னுதுதான் போகட்டும்னு தெரிஞ்சே எழுதறார்.

எட்வின் மாமா 10:54
நானும் சொந்தக் கையாலதான் கையெழுத்துப் போட்டேன்.

ரூத் அத்தை 11:03
தெரியும்ங்க. இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல. சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து யோசிப்போம்.

வெள்ளி

மலர் சித்தி 6:40
ஜெபக்குறிப்பு: பிள்ளைக்குத் திங்கட்கிழமை பரீட்சை. பிலிப்பியர் 4:13 சொல்லி எல்லாரும் ஜெபிங்க. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு."

கிரேஸ் பெரியம்மா 6:48
ஜெபிக்கிறோம்

ரூத் அத்தை 6:55
கண்டிப்பா ஜெபிக்கிறேன் மலர். 11, 12-ஐயும் சேர்த்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடு. பவுல் கட்டுண்டு கிடக்கிறப்ப எழுதினது. திருப்தியா இருக்கவும் தெரியும், பட்டினியா இருக்கவும் தெரியும்னு சொல்லிட்டுத்தான் பெலனுண்டுன்னு சொல்றார். மார்க் வந்தாலும் வராட்டியும் நிக்கிற பெலன் அது.

மலர் சித்தி 6:58
அக்காவுக்கு எல்லா வசனத்துலயும் ஒரு திருத்தம் இருக்கு.

ஜெரின் 7:02
ஒநேசிமு பணத்தைத் திருடிட்டு ஓடிட்டானா அத்தை?

ரூத் அத்தை 7:10
திருடினான்னு எங்கயும் இல்ல. அநியாயமோ கடனோ "உண்டானால்"னுதான் இருக்கு. நாமளா முடிவு கட்டிட்டோம். 16-ஐ வாசி. இனிமே அடிமையா இல்ல, பிரியமுள்ள சகோதரனா ஏத்துக்கோன்னு கேட்கிறார். கணக்குப் பேச்சு அதுக்கு அப்புறம்தான் வருது.

ஜெனி 7:12
கடைசியில கொடுத்தானா?

ரூத் அத்தை 7:13
கடிதத்துல அது இல்ல. கொலோசெயர் 4:9-ல அவனை உண்மையும் பிரியமுமுள்ள சகோதரன்னு பவுல் எழுதறார்.

பாட்டி 7:30
(குரல் பதிவு 0:48)

ஜெரின் 7:31
யாராவது எழுதுங்க, வகுப்புல இருக்கேன்

ஜெனி 7:36
பாட்டி சொல்றாங்க: டேவிட் வீட்டு மாடிப்படி எனக்கு ஏற முடியாது. என் பெரிய எழுத்து வேதாகமம் சாமு வீட்ல இருக்கு. அங்கேயே வச்சா நானும் வருவேன். இல்லாட்டி என்னை விட்டுடுங்க. எனக்கு எல்லாரும் பிள்ளைங்கதான்.

ரூத் அத்தை 7:40
அப்ப சாமு அண்ணன் வீடு. சரியா?

ரூத் அத்தை 8:15
சரியா?

டேவிட் சித்தப்பா 8:34
அண்ணிக்குச் சிரமம் இல்லேன்னா சரி.

கிரேஸ் பெரியம்மா 8:36
எனக்கென்ன சிரமம். வீடு பூட்டியா கிடக்கு? வராதவங்க வரலை.

ரூத் அத்தை 8:37
அண்ணி

கிரேஸ் பெரியம்மா 8:41
சரி வரட்டும். நாற்காலி பத்தாது, கீழே உட்காரணும்.

சாமு பெரியப்பா 9:02
எத்தனை மணி?

டேவிட் சித்தப்பா 9:03
எனக்கு 7 ஆகும்

சாமு பெரியப்பா 9:05
7-ன்னா அம்மா தூங்கிடுவாங்க.

ரூத் அத்தை 9:06
6:30 பாட்டு, 7 வேதம்?

ஜெரின் 9:07
அரை மணி நேரம் பாட்டா

டேவிட் சித்தப்பா 9:20
அனுமதி கேட்டுட்டு 6-க்கே வந்துடறேன். எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட கொஞ்சம் பேசணும். மொத்தமா இப்ப என்னால முடியாது. மாசாமாசம் எவ்வளவுன்னு அண்ணனே சொல்லட்டும்.

சாமு பெரியப்பா 9:47
வா. பார்க்கலாம்.

எட்வின் மாமா 9:48
நானும் 6-க்கு வரவா?

சாமு பெரியப்பா 9:49
வேண்டாம் மச்சான். நாங்க ரெண்டு பேர் மட்டும்.

மலர் சித்தி 9:58
நான் வருவேனான்னு தெரியல. பிள்ளையைப் படிக்க வைக்கணும்.

ரூத் அத்தை 9:59
மலர், காலையில நான் எழுதினது உன்னைக் கஷ்டப்படுத்திடுச்சு போல. இப்ப போன் பண்றேன், எடு.

ஜெனி 10:04
6-ஆ 6:30-ஆ? பாட்டியைக் கூட்டிட்டு வர்றது யாரு?