ஜில்லா போர்டு ஹைஸ்கூல், பாரம், பியூசி: பழைய பள்ளிக் கணக்கு தெரிந்தவர்கள் உதவுங்கள்

கிழக்குத்தெரு மாணவன்:
வணக்கம். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி விழா மலருக்குப் பள்ளி வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அலுவலக அறையில் இருந்த பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் வகுப்பு என்ற இடத்தில் '4-ஆம் பாரம்' என்று போட்டிருக்கிறது, வாசல் கல்லில் 'ஜில்லா போர்டு ஹைஸ்கூல்' என்று இருக்கிறது. அப்பா 1968-ல் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன் என்கிறார், சித்தப்பாவோ 1979-ல் பத்தாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர். எப்போது மாறியது? அப்போது என்ன படித்தார்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி, பாரம் கணக்கு சுலபம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் முதல் பாரம், அப்படியே எண்ணினால் நாலாம் பாரம் என்பது ஒன்பதாம் வகுப்பு, ஆறாம் பாரம் பதினொன்று. அப்பா சொல்வது சரி, அன்று பள்ளிப் படிப்பே 11 வருடம். அப்புறம் கல்லூரியில் ஒரு வருடம் பியூசி, பிறகு பட்டம் மூன்று வருடம். ஜில்லா போர்டு என்பது மாவட்ட அளவிலான உள்ளாட்சி அமைப்பு. 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின் போர்டுகள் போய்விட்டன, அந்தப் பள்ளிகள் பின்னால் அரசுக்கு வந்தன.

பாடத்தில் தமிழ், ஆங்கிலம், அறிவியல், சமூகப் பாடம் எல்லாருக்கும் உண்டு. கணக்கில் மட்டும் ஜெனரல், காம்போசிட் என்று இரண்டு வகை, பொறியியல் பக்கம் போக நினைப்பவர்கள் காம்போசிட் எடுப்பார்கள். நெசவு, தச்சு மாதிரி கைத்தொழில் பீரியடும் இருந்தது. அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வீட்டில் இருந்தால் அவசியம் படம் எடுத்து மலரில் போடுங்கள். இப்போது போல ஒற்றைத் தாள் இல்லை, தைத்த சிறு புத்தகம். அங்க அடையாளத்தில் ஆரம்பித்து பள்ளித் தேர்வு மதிப்பெண், பொதுத்தேர்வு மதிப்பெண், தலைமையாசிரியர் கையெழுத்து எல்லாம் அதிலேயே இருக்கும்.

முதல்_செட்_1980:
மாற்றம் வந்தது 1978-ல். பத்து வருடத்தோடு எஸ்.எஸ்.எல்.சி., அதற்கு மேல் இரண்டு வருடம் மேல்நிலை. நாங்கள் 1978 ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்து 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதினோம். இதை மலரில் வெறும் பெயர் மாற்றமாக ஒரு வரியில் தள்ளிவிடாதீர்கள். என் அக்கா பதினொன்றில் நல்ல மதிப்பெண் வாங்கியும், பியூசி படிக்க டவுனுக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும், பாடம் ஆங்கிலத்தில் நடத்துவார்கள் என்பதால் வீட்டில் அனுப்பவில்லை. நான் அதே படிப்பைத் தமிழில், எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே, மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படித்தேன். ஆரம்பத்தில் சோதனைக்கூடம் கிடையாது, ஓலைக் கொட்டகையில் ஒரு பியூரெட்டைச் சுற்றி எட்டுப் பேர் நிற்போம். அப்படியும் எங்கள் செட்டில் ஐந்து பெண்கள் கல்லூரிக்குப் போனார்கள்.

கிழக்குத்தெரு மாணவன்:
அம்மா, மிக்க நன்றி. நீங்கள் எழுதியதை உங்கள் அனுமதியோடு அப்படியே போட விரும்புகிறேன். எங்கள் பள்ளியிலும் 1978-லேயே பிளஸ் ஒன் வந்திருக்கும் என்று எழுதிவிடலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
கூடாது தம்பி. எல்லா உயர்நிலைப் பள்ளிக்கும் அந்த வருடமே கிடைத்துவிடவில்லை, பல ஊர்கள் வருடக்கணக்கில் மனு கொடுத்துத்தான் தரம் உயர்த்தி வாங்கின. பதிவேட்டில் பதினோராம் வகுப்புச் சேர்க்கை முதலில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். 1978-க்கு முந்தைய பதினொன்றையும் பிந்தைய பதினொன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேறு. பிளஸ் ஒன் என்றால் கணிதம், உயிரியல், வணிகவியல் என்று குரூப் எழுதியிருக்கும்.

முதல்_செட்_1980:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. அக்காவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இன்னும் பீரோவில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்து அனுப்புகிறேன்.