அண்ணனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்கலாமா?

தலவாக்கலைப் பிள்ளை:
அண்ணன் தேயிலைத் தோட்டத்தில் செடிகளுக்கு மருந்தடிக்கிற வேலை செய்கிறார். விடியும்போதே கை நடுங்கும். கொஞ்சம் சாராயம் உள்ளே போனால்தான் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்கே போவார். சம்பள நாளில் பாதிக் காசு சாராயத் தவறணைக்கும் கள்ளச்சாராயம் விற்கிற கசிப்புக்காரனுக்கும் போய்விடும், மிச்சம் கடைக் கடனுக்கு. டவுனில் ஒருவர் பொடி ஒன்று விற்கிறார். தேத்தண்ணியில் கலந்து கொடுத்தால் குடியையே வெறுத்துவிடுவாராம். இன்னொருவர் குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்பிரம் என்ற மாத்திரையைச் சொன்னார். சொன்னால் அண்ணன் சம்மதிக்க மாட்டார். சொல்லாமல் கொடுக்கலாமா? அம்மா கொடு என்கிறார், அண்ணி பயப்படுகிறார்.

மஸ்கெலியா மச்சான்:
கொடுங்கள் தங்கச்சி. இதில் என்ன யோசனை? குடிகாரனிடம் சம்மதம் கேட்டுக் காத்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்து கொழும்புக்கு வேலைக்குப் போய்விடும். பொடியை நான் நம்பவில்லை, மாத்திரையைச் சொல்கிறேன். எங்கள் லயத்தில், வரிசை வீட்டில், ஒருவருக்குக் கறியில் போட்டுக் கொடுத்தார்கள். மனிதன் குடித்துவிட்டு வாந்தி எடுத்தே களைத்துப் போனான். அதற்குப் பிறகு போத்தலைத் தொடவில்லை.

பழைய டிஸ்பென்சர்:
வாந்தியோடு நின்றது அவருடைய அதிர்ஷ்டம். சாராயம் உடம்பில் உடையும்போது நடுவில் ஒரு நச்சுப்பொருள் உண்டாகும். சாதாரணமாக ஈரல் அதை உடனே அகற்றிவிடும். டைசல்பிரம் அந்த வேலையை நிறுத்திவிடுகிறது, அதனால் நச்சு தேங்குகிறது. முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், பிரஷர் விழும். இதய நோயோ ஈரல் கோளாறோ உள்ளவருக்கு உயிரே போகலாம். கடைசியாகக் குடித்து 12 மணித்தியாலமாவது கழியாமல் இதைத் தொடங்கவே கூடாது. நிறுத்திய பிறகும் இரண்டு கிழமை வரை உடம்பில் வேலை செய்யும். மருந்து உள்ளே இருப்பது தெரியாதவன் வழக்கம்போல அரைப் போத்தலைக் கவிழ்ப்பான். அரிஷ்டம் குடித்தாலும் பிரச்சினைதான், அதிலும் மதுசாரம் இருக்கிறது. பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

காலையில் கை நடுங்குகிறது என்று தங்கச்சி எழுதியதை யாரும் கவனிக்கவில்லை. உடம்பு குடிக்குப் பழகிவிட்டது. அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பிறகு ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுகிற நிலையும் வரலாம். 'இன்றோடு விட்டேன்' என்று சாமி முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறவர்களும் இப்படி விழுவதுண்டு. முதல் சில நாட்களை ஆஸ்பத்திரியில்தான் கழிக்க வேண்டும். நடுக்கத்துக்கு மருந்தும் பி1 விட்டமினும் கொடுத்துப் பார்ப்பார்கள்.

மஸ்கெலியா மச்சான்:
ஐயா, ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றி அனுப்புவார்கள், சரி. வருகிற வழியிலேயே தவறணை இருக்கிறதே! போயா என்கிற பௌர்ணமி நாளுக்குத் தவறணையை மூடினாலும் முதல் நாளே வாங்கி வைத்து லயத்துக்குள் விற்கிறார்கள். நீங்கள் மருந்தின் ஆபத்தைப் பேசுகிறீர்கள். நான் ராத்திரி அடி வாங்குகிறவளைப் பற்றிப் பேசுகிறேன்.

கசப்புத் தேத்தண்ணி:
எனக்கு வீட்டில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். தெரிந்த நாளிலிருந்து வீட்டுச் சோற்றில் கை வைக்கவில்லை, கடையில் ரொட்டி தின்றேன். குடி நின்றதா? கூடியதுதான் மிச்சம். மனைவி தண்ணீர் கொடுத்தாலும் மோந்து பார்த்தேன்.

பிறகு கிளினிக்கில் எழுதிக் கொடுத்ததும் அதே மாத்திரைதான். ஆனால் காலையில் மனைவி பார்க்க நானே விழுங்கினேன். விழுங்கிவிட்டால் அன்றைக்குக் குடிக்க முடியாது என்று எனக்கே தெரியும். சிநேகிதன் கூப்பிட்டால் 'மாத்திரை போட்டிருக்கிறேன்' என்று சொல்ல ஒரு சாக்கும் கிடைத்தது. இந்த மருந்து ஆசையைக் குறைக்காது, பயத்தைத்தான் கொடுக்கும். எதற்குப் பயப்படுவது என்றே தெரியாதவனுக்கு அதனால் என்ன பயன்? ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் என்று வேறொரு மருந்து இருக்கிறது, அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

பண்டாரவளை அக்கா:
எல்லாம் படித்தேன். பொடி கலக்குவதும் அண்ணி, மாத்திரை விழுங்குவதைப் பார்ப்பதும் அண்ணி, கடைக் கடன் கட்டுவதும் அண்ணி. கொழுந்துக் கூடையைச் சுமந்துவிட்டு வந்து இதையும் சுமக்க வேண்டுமா? மச்சான், அடியைப் பற்றிப் பேசினீர்களே, அடிக்கு மாத்திரை கிடையாது. அதற்கு 1938 இருக்கிறது, பெண்களுக்கான உதவி இலக்கம். அடிக்கிற ராத்திரியில் அண்ணியும் பிள்ளைகளும் எந்தக் காம்பரா வீட்டுக்குப் போவது என்பதை இப்போதே பேசி வையுங்கள். கடைக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்: அவர் பெயரில் எழுதுகிற சாராயக் கணக்கை அண்ணி கட்ட மாட்டார்.

மஸ்கெலியா மச்சான்:
கணக்கைக் கட்டாவிட்டால் அரிசியும் மாவும் அந்தக் கடையில்தானே வாங்க வேண்டும் அக்கா? தோட்டத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

பண்டாரவளை அக்கா:
நான் லயத்தில் பிறந்தவள்தான். அரிசிக் கணக்கு வேறு, சாராயக் கணக்கு வேறு என்று இரண்டு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தில் கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு எழுதினார்.

பழைய டிஸ்பென்சர்:
அவர் வர மறுத்தாலும் வீட்டுக்காரர்கள் போய் மனநல கிளினிக்கில் பேசலாம். மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்தும் கேட்கலாம். பேச நேரம் பார்த்துப் பேசுங்கள். வெறியில் இருக்கும்போது பேசினால் சண்டைதான் மிஞ்சும். வயிறு எரிகிறது, கை நடுங்குகிறது என்று அவரே புலம்புவாரே, அந்த நேரத்தில் 'நடுக்கத்துக்கு மருந்து எடுப்போம்' என்று கூப்பிடுங்கள். குடியை விடச் சொல்லிக் கூப்பிட்டால் வராதவர் நடுக்கத்துக்கு வருவார்.

மஸ்கெலியா மச்சான்:
இது ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வருடம் கழித்தும் வராவிட்டால் கலந்துதான் கொடுக்க வேண்டும் என்பேன்.

கசப்புத் தேத்தண்ணி:
கொடுத்துவிட்டு அவர் சாப்பாட்டை மோந்து பார்ப்பதையும் பாருங்கள்.

தலவாக்கலைப் பிள்ளை:
பொடி வாங்கவில்லை. அம்மாவிடம் வலிப்பு விஷயத்தை வாசித்துக் காட்டினேன், பேசாமல் இருக்கிறார். கிளினிக்குக்கு முதலில் நானும் அண்ணியும் போகிறோம், அண்ணிக்கு அன்றைக்குப் பேர் போகும், அந்த நாள் சம்பளம் கிடைக்காது, பரவாயில்லை என்கிறார். அண்ணனுக்குச் செடிக்கு மருந்தடிக்கிற வேலை, அந்த மருந்தின் பெயர்களையும் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

பழைய டிஸ்பென்சர்:
கட்டாயம். டின்னில் உள்ள பெயரை எழுதிக்கொண்டு போங்கள்.