கடற்கரை வீட்டு இரும்பு மயில்களுக்கு மறுபடியும் வண்ணம் பூசுவது பற்றி

கேள்வி (இசிப்பிங்கோ, டர்பன்):
வணக்கம். கடற்காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. என் மாமனார் காலத்தில் கேட்டின் மேல் பொருத்திய இரும்பு மயில்கள் இரண்டும், நடுவே ஒரு வேலும் உள்ளன. சென்ற ஆண்டு ஒரு பெயிண்டர் எல்லாவற்றுக்கும் ஒரே எனாமலை அடித்துக் கொடுத்தார். இப்போது மயில்களின் தோகை ஓரங்களில் பெயிண்ட் கொப்புளித்து உதிர்கிறது, அடியில் செந்துரு தெரிகிறது. வேலில் துருவே இல்லை. ஆனாலும் பெயிண்ட் வாழைப்பட்டை உரிவதுபோல் ஏடாகக் கழன்று வருகிறது. வரும் தைப்பூசத்துக்குள் சரிசெய்ய விரும்புகிறோம். வேலுக்குப் பொன்னிறம் கொடுக்கலாமா?

பதில் 1 (துறைமுகப் பணியில் இருந்தவர்):
சகோதரி, இரண்டும் வேறு வேறு உலோகங்களாக இருக்க வேண்டும். வேலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியமாக இருக்கலாம். ஒட்டி, பின்புறம் சாம்பல் நிறத்தில் பூப்பூவான படிகக் கோலம் தெரிந்தால் துத்தநாக முலாம் பூசிய இரும்பு.

மயில்களின் கதை வேறு. துருக்குழிகளுக்குள் தங்கிவிட்ட உப்பு, பெயிண்டுக்கு அடியிலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கொப்புளங்கள் எழுவது அதனால்தான். ஆகவே உப்புத்தாளை எடுப்பதற்கு முன்பே நல்ல தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும்; கழுவாமல் தேய்த்தால் உப்பைக் குழிக்குள் இன்னும் அழுத்திவிடுவோம். பிறகு கம்பிப் பிரஷால் துருவை நீக்கி, மீண்டும் கழுவி, நன்றாக உலர்த்தி, அன்றைக்கே ஜிங்க் ஃபாஸ்பேட் பிரைமர் அடித்துவிடுங்கள். ஓர் இரவு விட்டால்கூட இந்தக் காற்றில் புதுத் துரு பூத்துவிடும். கூரான ஓரத்தில் பெயிண்ட் நிற்காது, இரு பக்கமும் விலகி மெலிந்துவிடும். தோகை ஓரங்களை அரத்தால் சற்றே மழுக்கி, அங்கு மட்டும் சிறிய பிரஷால் ஒரு கோட் கூடுதலாகக் கொடுத்த பின்பே முழு உருவத்துக்கும் அடியுங்கள். பற்றவைத்த இடுக்குகளில் தண்ணீர் தேங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

தைப்பூசம் வரை காத்திருக்க வேண்டாம். அது மழையும் புழுக்கமுமான கோடையில் வருகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட குளிர்காலமே இந்த வேலைக்கு உகந்தது. ஆனால் உள்நாட்டிலிருந்து வெப்பமான பெர்க் காற்று வீசும் நாளில் பிரஷைத் தொடாதீர்கள். பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து கோடு விழும்.

பதில் 2 (சாட்ஸ்வொர்த்):
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. மாமனார் காலத்துப் பெயிண்ட் அடியில் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2009இல்தான் வந்தது. உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்க்க வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கீழே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, உதிர்ந்ததை அப்படியே சுருட்டி எடுங்கள். தூசுக்கான முகக்கவசம் அவசியம். குழந்தைகள் அருகில் வரக் கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. காந்தம் ஒட்டுகிறது, பின்புறம் பூக்கோலமும் தெரிகிறது.

பதில் 1:
அப்படியானால் காரணம் தெளிவு. சாதாரண எண்ணெய் எனாமல் துத்தநாகத்தோடு வினைபுரிந்து, சேருமிடத்தில் சோப்பு போன்ற படலமாகிவிடும், பிடிப்பு போய்விடும். பழைய பெயிண்டை முழுவதும் எடுத்துவிட்டு, முலாம் பூசிய இரும்புக்கென்றே கடையில் கிடைக்கும் திரவத்தால் தேய்த்துக் கழுவுங்கள். ஊற்றும் தண்ணீர் முத்துமுத்தாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவும்வரை விடாமல் கழுவ வேண்டும். கம்பிப் பிரஷ் இங்கு கூடாது, முலாம் போய்விடும். அதன்பின் அதற்கேற்ற, தண்ணீரில் கரையும் பிரைமர்.

பொன்னிறம் தாராளமாகக் கொடுக்கலாம். பித்தளைத் தூள் கலந்தது கடற்கரையில் கறுத்துவிடும் என்பதால், மைக்கா நிறமி கலந்ததாகக் கேட்டு வாங்கி, மேலே வெயிலைத் தாங்கும் தெளிவான வார்னிஷ் ஒரு கோட் அடியுங்கள்.